பித்தளைத் தூது

கிகோமாவிலிருந்து இரண்டு மணி நேரம்.
மோட்டாரை நிறுத்தியதும்
ஏரி படகின் அடியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

முதல் குப்பி திறந்தபடியே மேலே வந்தது.
இரண்டாவதும்.
"உன் தூதன் வழியில் தூங்கிவிட்டான்" என்றார் புக்குரு.

கட்டைவிரல் பருமன் பித்தளைக் கட்டி.
கயிற்றில் கோத்துக் கைவிட்டால்
இருநூறு மீட்டர் சறுக்கிப் போய்க்
குப்பியின் வாயை அடைக்க வேண்டும்.
அன்னம் இல்லை, மேகம் இல்லை,
மூடு என்று ஒரு தட்டு,
அவ்வளவுதான் சேதி.

மூன்றாம் முறை கயிற்றை அவரே பிடித்தார்.
ஒரு நிமிடம். இன்னும் கொஞ்சம்.
"தட்டிவிட்டது" என்றார், கண் திறக்காமல்.

வந்த நீரில் இரண்டு மருந்தும் விட்டேன்.
மூச்சுள்ள நீர் பழுப்பாகும்;
இது சுண்ணாம்பாய் வெளுத்து இறங்கியது.
கீழே மீன் இல்லை, புழு இல்லை,
விழுந்த இலைகூடச் சீக்கிரம் மக்காது என்றேன்,
வண்டல் குழாயை அறுத்துக் காட்டியபடி:
கறுப்பு, சாம்பல், மறுபடி கறுப்பு.
மூன்று விரற்கடைக்குள் அவர் வயது முழுதும்.

புக்குரு என்றால் இங்கே
இரட்டையரில் முந்திப் பிறந்தவன்.
பிந்தியவனுக்கும் பெயர் உண்டு.
டகா மீனுக்கு விளக்கேற்றிப் போகும் படகுகளில்
யாரும் அதைச் சொல்வதில்லை.

"சீக்கிரம் மக்காது" என்று
என் சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

நான் குப்பியில் எழுதினேன்:
ஆழம் 200. ஆக்சிஜன் 0.

கரை வரும்வரை
பித்தளைக் கட்டி அவர் கைக்குள் இருந்தது.
திருப்பித் தந்தபோது
சுட்டது.