கிளைச் சாலை

எங்கள் அலுவலகத்தில் மூன்றே பேர்.
ஆகவே கடிதத்தை மொழிபெயர்த்தவனும் நான்,
கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவனும் நான்,
ஓட்டுநருக்குக் காய்ச்சல் என்பதால்
அன்று காரோட்டியவனும் நானே.

தாலினிலிருந்து வூரு வரைக்கும் நான்கு மணி நேரம்.
பக்கத்தில் படைப் பாதிரியார் ரீன்,
மடியில் ஈரக் கையுறைகள்.
தார்த்து நகரம் தாண்டும்வரை பேசவில்லை.
பிறகு கேட்டார்: மனைவி உண்டா?
இல்லை. அப்பா மட்டும்.

கூட்டுப் படையின் தலைமையகத்தில்
ஒரு சுவர் நிறைய வரைபடம்,
நாட்டுக்கொரு கொடியூசி.
எங்கள் ஊசியும் பெரிய நாடுகளின் ஊசியும் ஒரே உயரம்.
அதைப் பார்த்துவிட்டு
நெஞ்சு நிமிர்ந்துதான் வெளியே வந்தேன், பொய் சொல்லமாட்டேன்.
கிழக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் இருமினால்
இந்தப் பக்கம் விழித்துக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவன்.
நாளை நமக்கென்று யாராவது வர வேண்டுமானால்
இன்று யாருக்காகவோ நாம் போயாக வேண்டும்.
மொய் எழுதுவதுபோலத்தான்.
நோட்டு யார் வீட்டில் இருக்கிறது
என்பதுதான் தெரியவில்லை.

அறிக்கையில் அவன் பெயர் இருந்த அதே பத்தியில்
'உள்ளூர்வாசிகள், மூவர்' என்றிருந்தது.
பெயர்கள் இல்லை.
அவர்கள் வீட்டுக்கு
யார் கார் ஓட்டிப் போனார்கள்?

வூரு தாண்டி, கூசெமே போகும் கிளைச் சாலையில்
முழங்கால் உயரப் பனி. வாரியதற்குத் தடமே இல்லை.
மூன்றாவது வளைவில் கார் சறுக்கி
பள்ளத்தில் மூக்கைப் புதைத்து நின்றது.
'இந்தச் சாலையை யார் வாருவது?' என்றார் ரீன், சலிப்போடு.
கோப்பு எனக்கு மனப்பாடம்.
தாவெத், இருபத்தாறு வயது,
ஊராட்சியின் பனிக்கலப்பை ஓட்டுநர்,
தீயணைக்கும் தொண்டர்கள் நால்வரில் ஒருவன்,
பாடகர் குழுவில் அடிக்குரல். அங்கே அடிக்குரல் மொத்தமே இரண்டு.
பதில் சொல்லாமல் சக்கரத்தைச் சுற்றினேன்.
அது பனியைத் தின்று பனியைத் துப்பியது.

அரை மணி கழித்து ஒரு டிராக்டர் விளக்கு.
இறங்கியவர் காதுவரை தொப்பியை இழுத்துவிட்டு,
முன்னால் கட்டியிருந்த பலகையைக் காட்டினார்.
'இதை வைத்து முடிந்தவரை தள்ளுகிறேன். மன்னிக்கணும்.
பையன் இருந்தால் பாதை இப்படிக் கிடக்காது.
ஏப்ரலில் வருகிறான்.'

எங்கள் மொழி இலக்கணத்தில் எதிர்காலம் கிடையாது.
வரப்போகிறவனையும் வருகிறான் என்றே சொல்வோம்.
முந்தின இரவு அந்த ஒரு வரியில்தான்
விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.
தளபதி எழுதியிருந்தது:
உங்கள் மகனின் பங்களிப்பு ஒருநாளும் மறக்கப்படமாட்டாது.
நான் எழுத முடிந்தது:
மறக்கப்படுவதில்லை.
இன்றைக்கு மட்டுமே செல்லுபடியாகும் சீட்டுபோல.

ஏல்மார் (பெயரும் கோப்பில் இருந்ததுதான்)
முட்டிபோட்டுக் காரின் அடியில் சங்கிலி மாட்டினார்.
எழும்போது எண்பலகையைப் பார்த்தார்.
பிறகு ரீனின் கழுத்தில் அந்த வெள்ளைப் பட்டையை.
பிறகு என்னை. நான் மேலங்கியின் பொத்தான்களை
எல்லாம் போட்டுத்தான் இருந்தேன். பயனில்லை.

எதுவும் கேட்கவில்லை.
சங்கிலியை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்,
அது சரியாகத்தான் மாட்டியிருந்தது.
டிராக்டரில் ஏறி எங்களைப் பள்ளத்திலிருந்து தூக்கினார்.
கழற்றிய சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு
'எந்த வீடு?' என்று கேட்பார் என எதிர்பார்த்தேன்.
அவர் பலகையை இறக்கினார்.

இரண்டு கிலோமீட்டர்.
முன்னால் அவர், நடக்கிற வேகத்தில்,
பனியை இடமும் வலமும் ஒதுக்கியபடி.
பின்னால் நாங்கள், அவர் போட்ட பாதையில்.
ஓரிடத்தில் நிறுத்தி, பின்வாங்கி,
விட்டுப்போன ஒரு திட்டைத் திரும்ப வாரினார்.
நான் ஒலிப்பானைத் தொடவில்லை.

முற்றத்தில் கார் நின்றது. இறங்கினோம்.
அவர் இறங்கவில்லை.
எங்களுக்கு முதுகு காட்டியபடி,
இன்ஜினை அணைக்காமல்,
கொட்டகை வாசலுக்கும் கிணற்றுக்கும் நடுவே
ஏற்கெனவே வாரியிருந்த தரையை
வாரத் தொடங்கினார்.