மாதிரி இல்லை

ஹாமில்டனில் இன்று மைனஸ் பத்தொன்பது.
உறைபெட்டிக்குள் மைனஸ் எண்பது.
இரண்டுக்கும் நடுவே நான்
கையுறைக்குள் வீங்கிய பெருவிரலோடு
இருபத்தேழு வருடத்தை
வெளியே எடுத்துவைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அறையை ஒப்படைக்க வேண்டும்.
அடையாள அட்டையில் குணபூஷணி என்றிருப்பதை
இங்கே யாரும் முழுதாய்ச் சொன்னதில்லை.
பூஷ் என்பார்கள்.
எலிகள் ஒன்றும் சொல்லவில்லை.

ஒவ்வொரு குப்பியிலும் என் கையெழுத்து.
முன்மூளை. ஹிப்போகேம்பஸ். மண்ணீரல்.
பத்து நாள், நாளுக்குப் பத்து நிமிடம்,
தன்னைவிடப் பெரிய எலியின் கூண்டில் விடப்பட்ட
சிறிய எலியின் மண்ணீரல்.
தோல் காயம் ஆறிவிடும் ஒரு வாரத்தில்.
மூளைக்குள் அழற்சி மட்டும்
பந்தி முடிந்தும் எழாத விருந்தாளி மாதிரி
உட்கார்ந்திருக்கும்.

மைக்ரோகிளியா என்றொரு செல்.
அமைதியில் கிளை விரித்து
அக்கம்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும்.
ஆபத்தென்றால் கைகளை உள்ளிழுத்துத் தடித்துப்போகும்.
மனம் புண்பட்டது என்கிறோம், வயிறு எரிகிறது என்கிறோம்,
உவமை என்றிருந்தேன்.
லென்ஸுக்கு அடியில் அது உவமையாக இல்லை.

மானியக் குழு நான்கு முறை மறுத்தது.
"சுவாரசியமான கருத்து, எனினும்" என்று தொடங்கும் கடிதங்கள்.
ஐந்தாம் முறை கொடுத்தார்கள்.
அந்தப் பணத்தில்தான் ஸ்டாங்கோவின் சம்பளம்.

உருக்காலை ஆட்குறைப்பில் வெளியே வந்தவர்.
கூண்டு கழுவுவார்,
எலிகளுக்குப் பகலான எங்கள் இரவில்,
சிவப்பு விளக்கில்,
ஹாக்கி வர்ணனையைத் தாழ்வாக வைத்துக்கொண்டு.

மூன்றாம் அடுக்கு எலிகள் மட்டும் நோயுறவில்லை.
எட்டு மாதம் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை.
கிட் மாற்றினேன், ஆன்டிபாடி மாற்றினேன்,
மாணவன்மேல் எரிந்து விழுந்தேன்.
ஒரு வியாழன் நள்ளிரவு கதவைத் திறந்தால்
தோற்ற எலிகள், ஒரே ஈற்றில் பிறந்தவை,
இரண்டிரண்டாய்ப் பஞ்சுக்குள் ஒண்டிக் கிடக்க
ஸ்டாங்கோ கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"விடியுமுன் பிரித்துவிடுவேன், டாக்டர்.
தனியே கிடந்தால் நடுங்குதுகள்."

நெறிமுறை மீறல் என்று எழுதினேன்.
ஒன்றரைப் பக்கம்.
ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை அதில்.
திங்கட்கிழமை அவருடைய அட்டை கதவைத் திறக்கவில்லை.

ஆறு வருடம் கழித்து
என் பெயரை ஊர் ஊராய்க் கொண்டுபோன கட்டுரை
அந்த அடுக்கிலிருந்துதான் வந்தது.
துணை இருந்தால் தணியும்.
சியாட்டிலில் கை தட்டினார்கள்.
பெர்த்தில் எழுந்து நின்று தட்டினார்கள்.
நன்றியறிவிப்பின் கடைசி வரியில், பொடி எழுத்தில்,
எஸ். பி.
முழுப்பெயர் போட அவரைக் கேட்க வேண்டும்,
கேட்க முகவரி இல்லை என்றேன்.
பார்ட்டன் தெருவில்தான் வீடு என்று தெரியும்.

அப்புறம் மனிதர்களிடம் போனேன்.
இரவுப் பணித் தாதியர், மணமுறிந்தவர்கள்,
வேலை போனவர்கள்
(ஆம், அவர்களும், நூற்றுப் பன்னிரண்டு பேர்),
முதல் வாரம் ரத்தம், ஆறாம் வாரம் ரத்தம்.
கோடு மேலே ஏறும்.
அந்தக் கோட்டைத் திரையில் காட்டிக்கொண்டே
எத்தனை அரங்குகளில் தண்ணீர் குடித்திருக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை
கதவில் அட்டையைத் தேய்த்துத் தேய்த்து
நின்றவரின் ரத்தத்தில்
எது எவ்வளவு ஏறியது?
மாதிரி இல்லை.
அட்டவணையில் அப்படித்தான் குறிப்போம்,
குப்பி உடைந்தாலும்
ஆள் வராவிட்டாலும்.

பெட்டி காலி. பிளக்கை உருவினேன்.
நின்ற பிறகுதான் கேட்டது
அது இத்தனை காலமும் முனகிக்கொண்டிருந்தது.
கதவின் உட்புறம், பனிக்கு அடியில்,
பனி சுரண்டிய தேதிகளின் பழைய தாள்.
மார்ச், எஸ். பி. ஜூன், எஸ். பி. செப்டம்பர்.
விரல் மடங்கவில்லை.
கிழியாமல் உரித்தெடுக்க
நேரமாகிறது.