இருபத்தாறு சொட்டு

தலைஞாயிற்றில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்
அரிச்சந்திரா நதி.
அந்தப் பெயர் தெரியாமல்தான்
திருவாரூரிலிருந்து வந்த விற்பனைப் பையன்
கூடத்து மேசையில் இரண்டு கண்ணாடி டம்ளர் வைத்தான்.
ஒன்றில் எங்கள் போர் தண்ணீர்,
மற்றதில் அவன் கொண்டுவந்தது.
கம்பிகளை இறக்கி சுவிட்சைத் தட்டினான்.
எங்களுடையது சேறாகிப் பொங்கியது.
"பாத்தீங்களாக்கா, இதத்தான் குடிக்கிறீங்க."

நாங்கள் அதைக் குடிப்பதில்லை.
குடிக்கக் கொள்ளிடத்துக் குழாய் வரும்,
வராத நாளில் கேன்.
அதை நான் சொல்லவில்லை.
பள்ளி ஆய்வகத்தில் பதினோரு வருடமாய்க்
குடுவை கழுவுகிற கை இது.
அடுப்படியிலிருந்து ஒரு சிட்டிகை உப்பெடுத்து
அவன் டம்ளரில் போட்டேன்.
"இப்போ தட்டுங்க தம்பி."
அதுவும் சேறு.
கரைந்தது கம்பியின் இரும்பு.
டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான்.

பொய் அவனோடு போயிற்று,
சுண்ணாம்பு போகவில்லை.
சோப்பு நுரைக்காமல் திரிந்த பாலாய் ஒட்டும்.
ஷவரின் நாற்பது கண்ணில் முப்பத்தொன்று குருடு.
கீசரைப் பிரித்த மாசிலாமணி
வெள்ளை ஓடொன்றைப் பெயர்த்து என் கையில் தந்து
"வெத்தலை இருந்தா போட்டுக்கலாம்" என்றார்.

சோதனைப் பெட்டி வாங்கினேன்.
சோதனைக் குழாயில் தண்ணீர், கொஞ்சம் சாயப்பொடி:
பீட்ரூட் சிவப்பு.
சொட்டுச் சொட்டாய் மருந்து விட
இருபத்தாறாவதில் நீலம்.
சொட்டுக்கு இருபத்தைந்து.
கணக்கைக் குணாளன் போட்டான்,
போட்ட வாயால் விலை கேட்டான்.

ஆர்.ஓ.வா, சாஃப்ட்னரா,
இரும்புக்குத் தனியாய் ஒரு தொட்டியா,
ஒரு மாதம் படுக்கையிலும் இதே பேச்சு.
இந்த எந்திரம் உவர்ப்பை எடுக்காது.
சுண்ணாம்பை எடுக்கும்,
எடுத்த இடத்தில் உப்பில் ஒரு துணுக்கை வைக்கும்.
இதைப் புரியவைக்க நாலு நாள்.
"கடைமடைக்காரன் காசு கொடுத்து
தண்ணிக்கு உப்பு வாங்குறதா?"

வாங்கினோம்.
வேதாரண்யத்துக் கல்லுப்பு, மாதம் ஒரு மூட்டை.
நாலு நாளுக்கொரு தரம் இரவு இரண்டு மணிக்கு
மாடிப்படிக்குக் கீழே
அது தனக்குத்தானே குளித்துக்கொள்ளும்.
முதல் நாள்,
வழுக்கல் போகவே மாட்டேனென்கிறது என்று
குணாளன் முக்கால் மணி நேரம் குளித்தான்.

மாசியில் துண்டுகள் மறுபடி அப்பளமாய் விறைத்தன.
தொட்டியைத் திறந்தேன், உப்பு நிறைய இருந்தது.
மறுநாளும் நிறைய.
யோசித்தால், மூன்று வாரமாய் அதே மட்டம்.
ஒட்டடைக் கம்பைத் திருப்பி ஒரு குத்து.
மேலே ஒரு சாண் தடிப்பில் கெட்டித்த பாலம்,
அதன் கீழே வெறும் இருட்டு.
மூட்டை தீர்ந்த அவசரத்தில்
கடைத் தூளுப்பைக் கொட்டிவைத்த ஆள்
வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

கழிவு உப்புநீர் போன வழியில்
முருங்கை நுனி கருகியது.
வாய்க்காலில் விட்டால் கீழ்வயல் நாற்று.
மண்ணில் விட்டால் எங்கள் போர்.
இதற்கு என்னிடம் இன்னும் விடை இல்லை.
நாளை எண்ணும் தலையைக் கழற்றிவிட்டு
லிட்டரை எண்ணும் தலையைப் பூட்டினோம்.
வாசலுக்கு, வண்டிக்கு, செடிக்குப் பழைய தண்ணீரே.
ஒரு மூட்டை இப்போது ஐம்பது நாள் வருகிறது.
முருங்கை யோசித்துக்கொண்டிருக்கிறது.

மேட்டூர் திறந்ததைத் தொலைக்காட்சி சொன்னது.
கல்லணையையும் சொன்னது.
எங்கள் மதகை யாரும் சொல்வதில்லை.
ஆகாயத்தாமரை மூடிய ஆற்றில்
தண்ணீர் நகர்கிறதா என்று
கரையில் நின்று கண்டுபிடிக்கவும் முடியாது.

ஆடிக் கடைசிச் செவ்வாய், வழக்கமான சோதனை.
இருபத்தி மூன்று, சிவப்பு.
இருபத்தி நாலு,
நீலம்.

நம்பாமல் குழாயைக் கழுவி
இன்னொரு தரம் எண்ணினேன்.
குணாளன் தூங்கிக்கொண்டிருந்தான்.
மாடிப்படிக்குக் கீழே குந்தி
அறுநூற்றைம்பது என்றிருந்ததை
அறுநூறு ஆக்கினேன்.