நீங்கள் இல்லையென்றால்

இரவு இரண்டே காலுக்கு
மூன்றாவது மின்னஞ்சல்.
கடவுச்சொல்லை மாற்றக் கேட்டிருக்கிறேனாம்.
கேட்டது நீங்கள் இல்லையென்றால்
பொருட்படுத்த வேண்டாமாம்.

நான் இல்லை.
நான் அனுப்பர்பாளையத்தில்
டெலிவரி சலான்களுக்குப் பக்கத்தில்
ஒருக்களித்துப் படுத்திருந்தேன்.
போன கரண்ட் வந்து
ஃபேன் அப்போதுதான் சுற்றத் தொடங்கியிருந்தது.

நடுச்சாமத்தில் யாரோ தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்துவிட்டு
ஒண்ணுமில்லீங்க, நீங்க தூங்குங்க
என்று சொல்லிப் போனால்
எப்படித் தூங்குவதாம்?

கீழே நீலமாய் ஒரு பொத்தான்.
போன மாசம் காம்பாக்டிங் குப்பண்ணன்
இப்படி ஒன்றை அழுத்தித்தான்
ஒரு லாட்டுச் சாயக்கூலி
விடிவதற்குள் போனது.
எந்த ஊருக்கென்று போலீசுக்கும் தெரியவில்லை.

அழுத்தவில்லை நான்.
பதிலுக்கு ஆட்களை எண்ணினேன்.
நோம்பிக்கு முன்பணம் கேட்டுக் கிடைக்காமல்
முகத்தைத் தூக்கிவைத்திருக்கும்
கட்டிங் மாஸ்டர் தவசியப்பன்.
கணக்குப் பழக வந்த பையன்,
நான் தட்டும்போது திரையைப் பார்க்காமல்
விரலைப் பார்ப்பவன்.
கொழுந்தனார். (அவருக்கு மெயில் என்றால்
இன்னமும் ரயில்தான். இருந்தும் எண்ணினேன்.)
கடைசியில்
எல்லா எண்ணிக்கையும் வந்து நிற்கிற இடத்தில்
சென்னியப்பன்.

பங்காளி என்றால் சொந்தமில்லை, தொழில்பங்கு.
சலவைக் கணக்கில் ஒரு வரி இடித்தது.
அவருக்கு ஐந்து ஓவர்லாக்,
எனக்கு மூன்று ஃபிளாட்லாக்கும்
பையர்கள் எழுதுகிற இந்த முகவரியும்
என்று பிரித்து வைத்தார்கள்.
நாலு வருஷம்.
பெருமாநல்லூர் ரோட்டில் எதிரே வந்தால்
வண்டியை ஓரங்கட்டி
ஃபோன் பேசுகிற மாதிரி நிற்பார்.
நானும் அப்படித்தான்.

வெள்ளை லாட்டில்
சிவப்புத் துண்டு ஒன்று விழுந்தால் போதும்,
முந்நூறு கிலோவும் ரோஸ்.
இரண்டரை மணிக்குள்
எனக்கு ஊரே ரோஸ்.

எழுந்து உட்கார்ந்தேன்.
அவன் காட்டிய நீலச் சந்து வேண்டாம்,
முகவரியை நானே எழுத்தெழுத்தாய் அடித்து
தலைவாசல் வழியாகப் போனேன்.
பழைய கடவுச்சொல் என்ன என்றது.
விரலுக்குத் தெரியும்:
அவருடைய மலை, பிறகு நாலாயிரத்து இருநூறு.
முதல் ஆர்டர். கைக்குழந்தை பனியன்.
அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தது.
பெரிய எழுத்துல ஆரம்பிங்க
என்றதும் அவர்தான்.

விரல் அங்கேயே நின்றுவிட்டது.

சாவி வைத்திருக்கிறவர்
எதற்குப் பூட்டை ஆட்டப் போகிறார்?

நாலு வருஷமாய் நான் மாற்றவே இல்லை.
என் விலை, என் பையர்,
தாமதத்துக்கு நான் கெஞ்சி எழுதியதெல்லாம்
ஒரு மலையும் ஓர் எண்ணும் தள்ளித்தான் இருந்திருக்கிறது.
உள்ளே வந்தாரா, தெரியாது.
ஒரு பையரும் போகவில்லை.
அது தெரியும்.

புதிதாய் ஒன்று வைத்தேன்.
பேரில்லை அதில், மலையில்லை,
யாரும் யாருக்கும் சொல்லச் சொல்ல அடிக்கவில்லை.
துண்டுச் சீட்டில் எழுதி
ஊசிப் பெட்டியில் போட்டேன்.

மூன்று மணிக்கு ஃபோன் அடித்தது.
அழித்துவிட்ட எண்தான். கடைசியில் நாற்பத்தேழு.
ஆத்திர அவசரத்துக்கு என்று அன்றைக்கு
கணக்கில் அவர் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம்.

"ஏனுங்க, பாஸ்வேர்டு மாத்தியாச்சுன்னு
மெசேஜ் வந்துதுங்க.
நீங்க இல்லீனா
உடனே சொல்லோணும்னு போட்டிருக்குது.
நீங்கதானுங்களே?"

பின்னால் ஓவர்லாக் ஓடுகிற சத்தம்.
அந்த ஐந்தில் ஒன்று. அதே பெல்ட்.

"நாந்தானுங்க."

"அப்பச் சரிங்க."

வைத்துவிடவில்லை. நானும் வைக்கவில்லை.
"பெல்ட்டை மாத்துங்க," என்றேன்.
"மாத்தோணும்," என்றார்.

நாற்பத்தேழை எடுத்துவிடத்தான் வேண்டும்.
நாளைக்கு.

ஐந்து மணிக்கு நாலாவது வந்தது.
எவனோ.
திரும்பிப் படுத்தேன்.