குசினிக் கதவு

மரக்காலை வாள் தின்ற சுட்டுவிரலின் மிச்சத்தைக் காட்டி
'ஒரு விரல் குறை' என்பார்.
யாருடைய விரலென்று கேட்காமல் அறுத்த பொடியன்கள்
பலகையையும் கெடுத்து
ஏச்சும் வாங்கினார்கள்.

சாமித்தம்பி ஓடாவி. என் மாமனார்.
மூன்று பெண்ணுக்கு மூன்று வீடு,
தம்பிலுவில் வழக்கப்படி.
நிலை, கதவு, யன்னல், கூரை எல்லாம் தன் கையால்.
மூத்தவ யோகமலருக்கு வேம்பு.
நடுவிலாளுக்குத் தேக்கு, அது கடனில்.
என் மனைவியின் முறை வரும்போது
முதிரை மலிந்திருந்ததாம்.
அதைக் கலியாணப் பந்தலில்
எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

மாமியின் குசினிக்குத்தான் கதவில்லை.
பத்தொன்பது வருசம்
யூரியாப் பையைப் பிரித்துத் தொங்கவிட்டிருந்தா.
நாய் வரும். கோழி வரும்.
புகையோடு சேர்ந்து அவவின் குரல் வெளியே வரும்:
'ஊருக்கெல்லாம் ஓடாவி, எனக்குச் சாக்கு.'
அவருக்கு ஒரு காதில் பென்சில்,
மற்றக் காது றேடியோப் பக்கம்.

ஒரு மார்கழியில் என்ன நினைத்தாரோ,
கட்டிலுக்கென்று பூட்டிவைத்த பலகையை இறக்கி
இழைக்கத் தொடங்கினார்.
மாமி கிளி ஒன்று கேட்டா, மேல் மூலையில்.
பூ வெட்டுவார், கொடி வெட்டுவார்,
பறவை வராது அவருக்கு.
மூக்குத் தடித்து, தலை பெருத்து
காகமாய் முடிந்தது.
'கிளிதான்' என்றார்.
அதற்கு மேல் பேச்சில்லை.

வியாழக்கிழமை பிணைச்சல் பூட்டினார்.
அன்றும், வெள்ளியும், சனியும்
மாமி தேவையில்லாமல்
திறந்து திறந்து சாத்தினா.
ஞாயிறு காலை கடல் வந்தது.

வயல் பக்கம் ஓடித் தப்பினோம்,
நடுவிலாளின் கடைக்குட்டி டிலக்சனைத் தவிர.
அந்தப் பெட்டியை மாமாதான் செய்தார்.
அளவெடுக்கவில்லை.
அளவு தெரியும்.

பிறகு ஊரில் பாதி நிலைகள் அவர் நட்டவை.
குசினிக்கு மறுபடி சாக்கு.
'செய்வம்' என்பார்.
மாமியும் அதன்பின் ஏசவில்லை.

போன புரட்டாதி,
அக்கரைப்பற்று ஆஸ்பத்திரிக் கட்டிலின் விளிம்பை
மெல்லத் தடவிப் பார்த்து
'இரும்பு' என்றார் என்னிடம்,
குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத ஏமாற்றத்தோடு.
மூன்றாம் நாள் போய்விட்டார்.

செத்த வீட்டுக்கு வந்த சனத்துக்குள்
முக்காடு போட்ட ஒரு பெண்மணி.
எங்களில் யாருக்கும் தெரியாதவ.
பெயர் றஹ்மத்தும்மா என்றா,
அக்கரைப்பற்றில் கடற்கரைப் பக்கம் என்றா,
மாமியின் பக்கத்தில் குந்தினா.

'சுனாமியில ஒரு கதவு எங்கட பக்கம் ஒதுங்கின.
கொட்டிலுக்குப் போட்டிருந்தம்.
அடுத்த வளவுக்கு வேலைக்கு வந்தவர் இவர்,
கதவைக் கண்டிட்டு நிண்டார்.
கனநேரம் நிண்டார்.
அடியில இறுகுது எண்டு
கழட்டி இழைச்சுப் பூட்டித் தந்தார்.
காசு வாங்கல்ல.
கல் வீடு கட்டியும் அந்தக் கதவை நாங்க விடல்ல.
வருசா வருசம் வருவார்,
பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டுட்டுப் போவார்.
ஏனெண்டு கேட்டா,
செஞ்சவன் கெட்டிக்காரன் எண்டு மட்டும் சொல்லுவார்.'

மாமியின் அழுகை நின்றது.
'மேல் மூலையில கிளி இரிக்கா?'

'கிளியா?
காகமெண்டெல்லோ நாங்க நினைச்சம்.'

சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு
மாமி சிரித்தா.
தலைமாட்டில் குத்துவிளக்கு எரிய எரிய,
தோள் குலுங்க, கண்ணீர் வழிய.
அழுகிறா என்று நினைத்து
நாலு பெண்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள்.
றஹ்மத்தும்மா மட்டும்
கையை விடாமல்
அவவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா.

அன்றிரவு
வாடகைக் கதிரைகளை நான் எண்ணி அடுக்கும்போது
சாக்கை விலக்கிக் கூப்பிட்டா:

'முப்பத்தொண்டு முடியட்டும் மருமகன்.
ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வருவம்.
கேக்கப்படாது.
பாத்துட்டு மட்டும் வருவம்.'

ஓம் என்றேன்.
கதிரை ஒன்று குறைந்தது.
மறுபடி எண்ணினேன்.