பதிமூணாம் நாள்

பெரிய வியாழன்.
பாம்பன் கோயிலில் கரண்ட் இல்லை.
புதிதாய் வந்த சாமியார் வியர்வை துடைத்தபடி சொன்னார்:
பழைய உடன்படிக்கை கல்லில் எழுதியது,
கல் செத்தது, உடைந்தது.
புதியது நெஞ்சில், சதையில், உயிரோடு இருப்பது.

நான் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

சாமி, எங்கள் பக்கம் கல் சாகாது.
முருகைக்கல் மேல் கை வைத்துப் பாருங்கள்.
துளைக்குத் துளை ஒரு வாய்,
ஊசிமுனை அளவு சதை
கல்லைக் கக்கிக் கக்கித்தான் வீடு கட்டுகிறது.
செத்ததன்மேல் உயிருள்ளது,
அதன்மேல் பாசி,
பாசிக்குள் கண் மட்டும் தெரிகிற மீன்குஞ்சு.
அடியில் இருப்பதை வெட்டி எடுத்துவிட்டால்
மேலே இருப்பது எதில் நிற்கும்?

கேட்கவில்லை. கேட்கிற இடமில்லை அது.
பாதம் கழுவப் பன்னிரண்டு ஆண்களை
வரிசையாய் உட்காரவைத்தார்கள்.

பன்னிரண்டு.
எங்கள் கணக்கும் அதுதான்.
அமாவாசைக்கு ஆறு நாள், பௌர்ணமிக்கு ஆறு நாள்.
பதிமூணாம் நாள் பாசிக்கு இறங்கக் கூடாது.
தகரத்தால் சுரண்டக் கூடாது.
அடியோடு பிடுங்கக் கூடாது.
மீறினால் சாக்கு பறிமுதல், ஐநூறு ரூபாய்.
வனத்துறை பலகை நடுமுன்பே
சின்னப்பாலத்தில் கூடிப் பேசி
பள்ளிக்கூட நோட்டில் எழுதி
நாற்பத்தொரு பெண்கள் கைநாட்டு வைத்தது.
எழுதியவள் நான், எட்டாவது வரை போனவள்.
ஒன்பது இடத்தில் 'கூடாது' என்று எழுதினேன்.

எழுதிய கைதான் முதலில் மீறியது.

மாசி மாதம். ஜெனோவாவின் நர்சிங் ஃபீஸுக்குக் கடைசித் தேதி.
விடியுமுன் ஒற்றையாய் இறங்கினேன்.
மரிக்கொழுந்துப் பாசி; பேரில்தான் மணம்.
யாராவது பார்த்துவிடுவார்களோ,
அந்த ஒரு பயம்தான், வேறில்லை.
கல் விரலைக் கிழித்தது.
அவசரத்தில் கிழிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் குழாயடியில் பிரகாசி
என் விரல்களைப் பார்த்தாள்.
பழைய வெட்டா, காலையில் பட்டதா,
அவளுக்கா தெரியாது?
முப்பது வருஷமாய் அதே கல்லில் அறுபடுகிறவள்.
"தண்ணி வருதா?" என்றாள்.
வருது என்றேன்.

சங்கம் கூடிய அன்று நோட்டை விரித்தேன்.
என் பேருக்கு நேரே, யாரோ சின்னப் பிள்ளையின் கோணல் எழுத்தில்
அபராதம் ஐநூறு. கட்டியாயிற்று.
கீழே ஒரு கட்டைவிரல்.
முருகைக்கல் தின்ற இடத்திலெல்லாம் மை பிடிக்காமல்
வெள்ளை வெள்ளையாய்க் கோடு.
ரேஷன் கடை இயந்திரம்
மனுஷி என்றே ஏற்க மறுக்கும் அந்த விரல்
நாற்பத்தொன்றில் ஒன்றுதான் உண்டு.

கவனியுங்கள் சாமி,
சட்டம் அழியவில்லை.
ஐநூறு ஐநூறாகத்தான் இருந்தது.
ஒரு ரூபாய் தள்ளுபடி இல்லை.
கட்டிய கை மட்டும் வேறு.

பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள்.
"போடி, உன் மக எனக்கு ஊசி போடும்போது
வலிக்காம போடச் சொல்லு."

அவ்வளவுதான் நடந்தது.

இன்றும் ஒரு பதிமூணாம் நாள்.
கடல் கண்ணாடி மாதிரி கிடக்கிறது.
வனத்துறைப் பலகையில் உப்பு பெயின்ட்டை உரித்து
'கூ' மட்டும் மிச்சம்.
காவல் படகு மண்டபத்தில் ரிப்பேர்.
இரண்டாம் தவணை இன்னும் பாக்கி.

நல்லவளாகிவிட்டேன் என்று சொல்ல வரவில்லை.
கரையில் நின்றே பாசி தெரிகிறது, எடை கூடத் தெரிகிறது.
சாக்கு மடியில் இருக்கிறது.
கைதான் போகமாட்டேன் என்கிறது.