கோப்பை

மூன்று மணிக்கு ஆட்டம்,
இரண்டே முக்காலுக்கு மழை.
ஆக்கன்ஷாவில் சனிக்கிழமையானால்
இரண்டுக்கும் ஒரே ஆள்தான்
நேரம் குறித்துக் கொடுப்பான் போல.

எங்கள் மைதானம் ஒரு பக்கம் சாய்ந்தது.
முதல் பாதியில் எங்கள் பையன்கள் கால்பந்து வீரர்கள்,
இரண்டாம் பாதியில் மலையேறிகள்.
தப்பிய பந்து உருண்டு உருண்டு
கால்வாயில் போய்த்தான் நிற்கும்.
அங்கே படகில் நார்மன் ஹெஸ்கெத்,
மடியில் மீன்வலை.
நாற்பது வருடத்தில் அவர் பிடித்தவை:
கணக்கில்லாத பந்துகள், ஒரு பாதிரியாரின் தொப்பி,
கோபத்தில் யாரோ பிடுங்கி எறிந்த
நடுவரின் விசில்.
மீன் இன்னும் இல்லை.

இன்று பார்வையாளர் நூற்றுப் பதினொன்று.
டிக்கெட் கிழிப்பது நான்தான், கணக்கு சரியாக இருக்கும்.
நாய்கள் இரண்டைச் சேர்க்கவில்லை,
ஒன்று மட்டும் ஆட்டத்தைக் கவனித்தது.
சுழியத்துக்கு மூன்று. தோல்வி.

பிறகு கால்கள் தாமாகச்
சர்ச் தெருவில் இடப்பக்கம் திரும்பின.
'மூன்று லாடம்' மூடி ஒன்பது வருடம் என்று
கால்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது அது பல் மருத்துவமனை.
போன வாரம் கடைவாய்ப்பல்லோடு போயிருந்தேன்.
நாற்காலி போட்டிருக்கும் இடம்
என் பழைய முக்காலியின் இடமேதான்.
அன்றும் இங்கேதான் வாயைத் திறந்தேன்,
இன்றும் இங்கேதான்.
"நாக்கை அசைக்காதீங்க" என்றாள் டாக்டர் ப்ரானிஷ்.
மதுக்கடைக்கார டோரின்
இருபது வருடம் முயன்று தோற்ற காரியம் அது.

மேலே பார்த்தேன், வேறெங்கே பார்க்க?
கூரையில் மஞ்சள் படலம்.
மூன்று தடவை வெள்ளையடித்தும்
பழைய சிகரெட் புகை எட்டிப் பார்க்கிறதாம்.
ஊர்ப் பல்லையெல்லாம் வெளுக்கிறவள்
கூரையிடம் தோற்றுப்போனாள்.
பஞ்சு அடைத்த வாயால் சிரிக்கக் கூடாது.
சிரித்தேன்.

பழைய நாளே பொன்னாள் என்பவர்களுக்கு
ஒரு தகவல்:
கழிவறை முற்றத்துக்கு அப்பால், கூரை கிடையாது.
முன்னறையில் பெண்களுக்கு இடமில்லை என்று
பித்தளையில் எழுதி, வாராவாரம் துலக்கினார்கள்.
துலக்கியவள் பெண்.
பீர் வெதுவெதுப்பு, பேச்சு அதைவிட.
ஆனாலும் பாருங்கள்,
அந்த வாசலைக் கடக்கையில் இப்போதும்
சில்லறைக்குக் கை பைக்குள் போகிறது.

மிச்சமிருப்பது 'நொண்டி வாத்து' ஒன்றுதான்.
ரேடியேட்டர் மேல் நார்மனின் வலை காய்கிறது.
கால்வாய் வாசனையில் எல்லோரும் குடித்தோம்.
எங்கள் அணி இதுவரை ஒரு கோப்பையும் வாங்கியதில்லை;
நாங்கள் வாங்காத வாரமில்லை.

இரண்டாவது கோப்பையில்
எழுபத்தெட்டின் அந்த ஒரு கோல் வரும். வந்தது.
அன்று நான் கிழித்த டிக்கெட் முந்நூற்றுப் பன்னிரண்டு.
"நான் நேரில் பார்த்தேன்" என்றவர்களை
இதுவரை எண்ணியதில் நாலாயிரம் தாண்டிவிட்டது.
இடது காலா, முழங்காலா, தலையா என்று
மேசைக்கு மேசை சண்டை.
அப்போது பிறந்தே இராத கீரன் என்ற பையன்
மிளகு டப்பாவைத் தற்காப்பாளனாக்கி
உப்பு டப்பாவை வளைத்து வளைத்துக் கொண்டுபோய்
மூலையிலிருந்த கிழவருக்கு விளக்கினான்,
அவர்தான் அந்த கோலைப் போட்டவர் என்று தெரியாமல்.

ஆல்வின் ஆர்மெராட்
கண் இமைக்காமல் கேட்டார்.
அன்று அவர் பின்பக்கத்தில் பட்டுப் பந்து உள்ளே போனது.
எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும்,
கோல்கீப்பருக்குத் தெரிந்திருக்கும், அவர் போய்ச் சேர்ந்தார்.
அந்த ஆட்டத்திலும் தோற்றோம், ஆறுக்கு ஒன்று.

உப்பு டப்பா காற்றில் நின்றது.
கீரன் ஒரு மடக்குக் குடித்தான்.
ஆல்வின் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டு,
"அப்புறம்?" என்றார்.